முதல் ஆல்பம் எது? ஓசூர் பஸ்ஸில் கேட்டுப் பார்த்த நான்கு ப்ராக் ராக் ஆல்பங்கள்

என் அண்ணன் மகன் பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். ட்ரம்ஸ் நன்றாக வாசிப்பான். சென்ற மாதம் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "அத்தை, நாங்க நாலு பேரு இந்த ப்ராக் ராக் கேட்கலாம்னு இருக்கோம். புதுசா வந்ததுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. முழுசா உட்கார்ந்து கேட்கிறோம்."

பத்து கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். ஒன்று என்றதும் பதில் வரவில்லை. முதலில் கேட்பது மனதில் ஒட்டவில்லை என்றால் அந்த நான்கு பிள்ளைகளும் இந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அது நான்கு வாரமாக நீண்டுவிட்டது.

எனக்கு வேலை ஓசூரில். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலையில் குருபரப்பள்ளி, சூளகிரி தாண்டி அந்தப் பாறைக் குன்றுகளைப் பார்த்தபடி போகும் நேரம்தான் எனக்குப் பாட்டுக் கேட்கும் நேரம். வாரத்துக்கு ஒரு ஆல்பம் என்று வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டேன். ஸ்டீவன் வில்சனின் 'தி ஓவர்வியூ', ஒபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்', ட்ரீம் தியேட்டரின் 'பாராசோம்னியா', பிக் பிக் ட்ரெய்னின் 'தி லைக்ஸ் ஆஃப் அஸ்'. நான்கும் 2024 மார்ச்சுக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையில் வெளிவந்தவை. நான்கையும் செய்தவர்கள் முப்பது வருடங்களுக்கும் மேலாக இதே வேலையில் இருப்பவர்கள்.

இந்த இசைக்கே புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ப்ராக் ராக் என்பது 'ப்ரோக்ரெஸிவ் ராக்' என்பதன் சுருக்கம். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தன. கிங் கிரிம்சன் 1969இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. 1972இல் யெஸ் குழு எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பியது. ராக்கின் கிடாரும் ட்ரம்ஸும் அப்படியே இருந்தன. அவற்றோடு மேற்கத்திய செவ்வியல் இசையின் நீளமும் ஜாஸின் தாளக் கணக்கும் சேர்ந்துகொண்டன. ஏழு, ஐந்து என்று வரும் தாளங்களைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் மலைப்பார்கள். நமக்கு 'தகிட தகதிமி' என்றால் மிஸ்ர சாபு, 'தக தகிட' என்றால் கண்ட சாபு, அவ்வளவுதான். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டுக்கு 'தகிட தகதிமி' சொல்லிப் பாருங்கள், கை தானாக உட்காரும்.

"ஒரு பாட்டு இருபது நிமிஷமா?" என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் உண்டு. என் அம்மா வழிப் பாட்டி ஊர் பாலக்கோடு பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். பாயைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தால், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் குரல் கொடுத்து வெளியே வருவதற்கே அரை மணி நேரம் ஆகும். யாரும் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை. அந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இருபது நிமிடம் ஒரு நீளமே இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, ஆல்பங்களுக்கு வருகிறேன்.

ட்ரம்ஸ் வாசிக்கும் பையன் என்றால் யாரைக் கேட்டாலும் முதலில் ட்ரீம் தியேட்டரைத்தான் சொல்வார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். 1985இல் பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்த மூன்று மாணவர்கள் ஆரம்பித்த குழு அது. கிடாரில் ஜான் பெட்ரூச்சி, பேஸில் ஜான் மியூங், ட்ரம்ஸில் மைக் போர்ட்னாய். போர்ட்னாய் 2010இல் குழுவை விட்டுப் போனார், 2023 அக்டோபரில் திரும்பி வந்தார். அவர் திரும்பிய பிறகு வந்த முதல் ஆல்பம் 'பாராசோம்னியா'. 2009க்குப் பிறகு அவர் இவர்களோடு சேர்ந்து செய்த ஆல்பமும் இதுதான். 2025 பிப்ரவரி 7 அன்று வந்தது.

விஷயம் தூக்கக் கோளாறுகள். நடுராத்திரி அலறல், தூக்கத்தில் நடப்பது, போரிலிருந்து திரும்பியவனுக்கு வராத தூக்கம். கடைசிப் பாட்டு 'தி ஷேடோ மேன் இன்சிடென்ட்' பத்தொன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், நிழல் உருவம் ஒன்று பக்கத்தில் நிற்பதாகத் தோன்றும் நிலையைப் பற்றியது. நம் வீடுகளில் அதற்கு 'அமுக்குவான்' என்று பெயர். சின்ன வயதில் எனக்கு இரண்டு மூன்று தடவை வந்து, பாட்டி தலைமாட்டில் இரும்பு வைத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறாள். அதனால் இந்தப் பாட்டு எனக்கு அந்நியமாகவே இல்லை.

வாசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எல்லாரும் அசுரர்கள். ஆனால் ஆல்பம் 71 நிமிடம். பஸ் ஓசூர் கம்பெனி வாசலில் நின்ற பிறகும் முடியவில்லை. அதைவிட முக்கியமாக, இந்த ஆல்பத்தின் பெரிய சந்தோஷம் ஒரு மனிதர் வீடு திரும்பிய சந்தோஷம். அவர் இல்லாத வருடங்களைத் தாண்டி வந்தவர்களுக்கு முதல் ட்ரம் அடி விழுந்ததுமே மனம் நிறைந்துவிடும். அந்த வருடங்களை அறியாத பையனுக்கு அது நல்ல ட்ரம்ஸ், அவ்வளவே. பாட்டைவிட வாசிப்பையே கவனிக்கிற பழக்கமும் வந்துவிடும். ட்ரம்ஸ் கற்கும் பிள்ளைக்கு அது இன்னும் சீக்கிரம் வரும், அதுவே என் பயம்.

அடுத்த வாரம் பிக் பிக் ட்ரெய்ன். 1990இல் இங்கிலாந்தில் தொடங்கிய குழு. நெடுங்காலம் அதிகம் பேருக்குத் தெரியாமல் இருந்து, டேவிட் லாங்டன் பாட வந்த பிறகு பெயர் பெற்றது. அவர் 2021 நவம்பரில் எதிர்பாராமல் இறந்துபோனார். குழு கலைந்துவிடும் என்றே நினைத்தேன். இத்தாலியின் த்ரியெஸ்தே ஊரைச் சேர்ந்த ஆல்பெர்த்தோ பிராவின் பாட வந்தார். அவரோடு செய்த முதல் முழு ஆல்பம் 'தி லைக்ஸ் ஆஃப் அஸ்', 2024 மார்ச் 1 அன்று வெளியானது.

நான்கில் காதுக்கு மிகவும் இனியது இதுதான். பித்தளை ஊதுகருவிகளின் கூட்டம் ஒன்று இவர்களுடைய பாட்டுகளில் வரும். நம் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டில் டிரம்பெட் மேலே எழும்போது ஒரு பூரிப்பு வருமே, அதே மாதிரி இருக்கும். 'பினீத் த மாஸ்ட்ஸ்' என்ற பதினேழு நிமிடப் பாட்டு பிறந்த ஊரை நினைத்துப் பார்ப்பவனின் பாட்டு. 'மிராமாரே' ஒரு வரலாறு. த்ரியெஸ்தே கடலோரத்தில் மிராமாரே கோட்டையைக் கட்டிய மேக்ஸிமிலியன், மெக்ஸிகோவுக்குப் பேரரசராகப் போய் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்ட கதை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டால் யாரும் "என்ன சத்தம் அது?" என்று கேட்க மாட்டார்கள். என் அம்மா இரண்டு பாட்டுகளை நின்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனாலும் இதற்கும் முன்கதை இருக்கிறது. போனவரின் இடத்தில் புதியவர் நின்று பாடும்போது, பழைய குரலைக் கேட்டவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். பத்தொன்பது வயதுப் பையன்கள் இதை "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாற்பது தாண்டியவர்கள் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். இளையராஜாவின் வாத்தியச் சேர்க்கையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மிகவும் பக்கத்தில் இருக்கும்.

இனி ஒபெத். இதில் என்னால் நடுநிலையாகப் பேச முடியாது. 2009இல் ஸ்வீடனிலிருந்து ஒபெத் வந்து சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தபோது நான் அதே ஊரில்தான் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ராத்திரி வெளியே விட மாட்டார்கள். பையன்கள் எல்லாரும் போய்வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' 2024 நவம்பர் 22 அன்று வந்தது. அவர்களுடைய பதினான்காவது ஆல்பம், 51 நிமிடம். முதல் உலகப் போருக்குப் பிறகான காலம். பணக்காரப் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டி உயிலைப் படிக்கிறார்கள். சொந்தப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தவர்களின் பிறப்பைப் பற்றி உயில் சில ரகசியங்களை உடைக்கிறது. முதல் ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, பத்திரத்தில் இருப்பது போலப் பத்திக் குறியும் எண்ணும் மட்டுமே. எட்டாவது பாட்டுக்குத்தான் பெயர் உண்டு, அங்கேதான் கதையின் கடைசி முடிச்சும் இருக்கிறது. அதை நான் அவிழ்க்க மாட்டேன்.

உயில், வாரிசு, பாகம் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இரண்டு ஏக்கர் மாந்தோப்புக்காக அண்ணன் தம்பி பேச்சில்லாமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கனம் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இடையிடையே பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன் இந்த இசையை வளர்த்தவர்களில் ஒருவர் இவர்களுடைய கதைக்குக் கட்டியம் கூறுவதுபோல வருவது எனக்குக் கண்கலங்கும் விஷயம்.

சிக்கல், உறுமல் குரல். மிகேல் ஓகர்ஃபெல்ட் அழகாகவும் பாடுவார், அடிவயிற்றிலிருந்து உறுமவும் செய்வார். 2008க்குப் பிறகு அவர் எந்த ஒபெத் ஆல்பத்திலும் உறுமவில்லை. 2011லிருந்து நான்கு ஆல்பங்கள் தெளிவான குரலிலேயே வந்தன. பதினாறு வருடம் கழித்து இதில் உறுமல் திரும்பியிருக்கிறது. என் காதுக்கு அது செத்துப்போன பெரியவர் புதைகுழியிலிருந்து பேசும் குரலாகவே கேட்கிறது. கூத்தில் ராஜா வேஷக்காரர் போடும் கர்ஜனையைக் கேட்டவர்களுக்கு அதில் அருவருப்பு வராது, ஆனால் பழக வேண்டும். முதன்முதலாகக் கேட்கிற நான்கு பேரில் இரண்டு பேராவது முதல் உறுமலிலேயே எழுந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மீதி இரண்டு பேர் வாழ்நாள் முழுக்க ஒபெத் கேட்பார்கள். எனக்கு இந்த நான்கிலும் மிகப் பிடித்தது இதுதான். இருந்தும் முதல் ஆல்பமாக இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசி வாரம் ஸ்டீவன் வில்சன். 1967இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 1987இல் போர்குபைன் ட்ரீ என்று இல்லாத ஒரு குழுவை இருப்பதுபோல விளையாட்டாகக் கற்பனை செய்து வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கினார். பிறகு அது உண்மையான குழுவாகி, 2009இல் மும்பை ஐஐடி விழாவில் வந்து வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தது. கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல் ஆகியோரின் பழைய பதிவுகளைப் புதிதாக மிக்ஸ் செய்து கொடுத்தவரும் இவரே. ஒபெத்தின் 2001, 2003 ஆல்பங்களிலும் இவருடைய தயாரிப்புப் பங்கு உண்டு. 2021இல் எலக்ட்ரானிக் பாப் பக்கம் போனபோது பழைய ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

'தி ஓவர்வியூ' 2025 மார்ச் 14 அன்று வந்தது. மொத்தம் இரண்டே பாட்டு. முதலாவது 23 நிமிடம், இரண்டாவது 18 நிமிடம். எல்பி ரெக்கார்டில் பக்கத்துக்கு ஒன்று. விண்வெளியிலிருந்து பூமியைப் பார்த்தவர்களுக்குள் ஏற்படும் மாற்றத்துக்கு 1987இல் ஃபிராங்க் வைட் என்பவர் 'ஓவர்வியூ எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார். அதுதான் ஆல்பத்தின் விதை. சிலருக்குப் பூமியின் அழகு தெரியும், சிலருக்கு நாம் எவ்வளவு சிறியவர்கள் என்ற திகில் வரும். இரண்டும் இதில் உண்டு.

முதல் பாட்டு பல பகுதிகளாகப் போகும். ஒரு பகுதிக்கு எக்ஸ்டிசி குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜ் வரிகள் எழுதியிருக்கிறார். கீழே தெருவில் சாதாரண மனிதர்களின் சின்னச் சின்னத் துயரங்கள் நடக்கின்றன. அதே நேரத்தில் மேலே நட்சத்திரங்களுக்கு ஏதேதோ பேரழிவு நடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடுகிறார். சூளகிரியில் பஸ் நின்று, கொத்தமல்லிக் கட்டோடு ஒரு அம்மா சாலையைக் கடக்கக் காத்திருந்த ஒரு காலையில் அந்தப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன். அன்று அலுவலகத்தில் வெகு நேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் ஒரு பெண் குரல் வானத்துப் பொருட்களையும் அளவுகளையும் படித்துக்கொண்டே போகும். எண்கள் பெரிதாகிக்கொண்டே போகும். கீழே எலக்ட்ரானிக் தாளம் துடித்துக்கொண்டிருக்கும். பிறகு கிடாரோடு ஒரு மென்மையான பாட்டு வந்து, கடைசியில் எல்லாம் கரைந்து அமைதியாகிவிடும். அந்த முடிவு சிலருக்கு இழுவையாகத் தோன்றலாம். ஆல்பத்தில் குறை என்று சொன்னால் அதையும், முணுமுணுக்க ஒரு பல்லவி கிடைக்காததையும் சொல்வேன். ட்ரம்ஸ் வாசிப்பு பிரமாதமாக இருந்தும் எங்கேயும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. என் மருமகனுக்கு முதலில் அது ஏமாற்றமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டுக்குள் கரைந்து வாசிப்பது எப்படி என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டிய வயது இது.

இந்த ஆல்பத்துக்கு முன்கதை தேவையில்லை. யார் போனார், யார் திரும்பினார், யார் இறந்தார் என்று எதுவும் தெரியாமல் உட்காரலாம். ராத்திரி மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதற்கான தகுதி உண்டு. மற்ற மூன்றும் என்னைப் போலப் பல வருடம் கூடவே வந்தவர்களுக்கு நிறையக் கொடுக்கின்றன. புதிதாக வருபவருக்கு இதுதான் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாவற்றையும் கொடுக்கிறது. 42 நிமிடத்தில் முடிந்தும்விடும். எந்த உறுமலும் இல்லை. பிடித்துவிட்டால் இங்கிருந்து ஒபெத்துக்குப் போக வழியும் இருக்கிறது, வில்சன் தயாரிப்பில் பங்கெடுத்த 2003 ஆல்பமான 'டாம்னேஷன்' முழுவதும் உறுமலே இல்லாத ஒபெத். அதைக் கேட்டுவிட்டு அந்த உயிலுக்குப் போனால் பயம் தெளிந்திருக்கும்.

"இங்கிலீஷ் வேண்டாம், நம்ம காதுக்குப் பக்கத்தில் இருந்து தொடங்கலாமா?" என்று அவனுடைய நண்பர்களில் ஒருவன் கேட்டானாம். நல்ல கேள்வி. நம் வீட்டிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே 2003இல் தொடங்கிய அகம் குழு கர்நாடக இசையையும் ப்ராக் ராக்கையும் சேர்த்து வாசிக்கிறது. 2012இல் ஒரு ஆல்பம், 2017இல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்'. நளினகாந்தியில் தியாகராஜரின் 'மனவியாலகிஞ்சரா'வை அவர்கள் எடுத்துப் போகும் விதத்தைக் கேட்டால், ராகம் தெரிந்தவர்களும் ராக் தெரிந்தவர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். புதிதாக வந்ததுதான் வேண்டும் என்று மருமகன் கேட்டதால் அந்த நான்கில் இதைச் சேர்க்கவில்லை. ராகம் பழகியதாக இருக்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக இங்கேயே ஆரம்பிக்கலாம்.

கேட்கும் முறை பற்றியும் கொஞ்சம். காசு கட்டாத ஸ்பாட்டிஃபை கணக்கில் பாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வரும். எட்டுப் பாட்டு இருக்கும் 'பாராசோம்னியா'வில் அது கொடுமை. இரண்டே பாட்டு இருக்கும் வில்சனில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பாட்டுகளை ஒன்றோடொன்று கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்கவே கேட்காதீர்கள், பேஸ் முழுவதும் காணாமல் போய்விடும். நூறு ரூபாய் வயர் இயர்ஃபோன்கூடப் பரவாயில்லை. ஒபெத்தையும் பிக் பிக் ட்ரெய்னையும் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வில்சனை முதல் தடவை வரிகள் இல்லாமலே கேட்கலாம். ட்ரீம் தியேட்டரை ஜிம்முக்கோ நடைக்கோ எடுத்துக்கொண்டு போனாலும் பாதகமில்லை.

நேற்று அவனுக்கு ஃபோன் செய்து "ஓவர்வியூ" என்றேன். "ட்ரீம் தியேட்டர் இல்லையா அத்தை?" என்று குரல் இறங்கிவிட்டது. 'பாராசோம்னியா'வில் 'நைட் டெரர்', அப்புறம் அந்தக் கடைசி நீளப் பாட்டு, இரண்டையும் அவன் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அண்ணன் வீட்டு மொட்டை மாடி என்று முடிவாகியிருக்கிறது. சையத் பாஷா மலை அங்கிருந்து நன்றாகத் தெரியும். மாடி லைட்டை அணைத்துவிட வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். பாய் அவர்கள் கொண்டு வருகிறார்கள், ஸ்பீக்கர் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.